இடது திரும்பக் கூடாது

இங்க வேணாம்ணே, நிறுத்தாதீங்க. ஆமா ஆமா, வீடு இதேதான். நாலாவது மாடி, பால்கனில நீலப் பீப்பா தெரியுது பாருங்க, முட்டைக்கோசு ஊறப் போட்டது, அந்த வீடுதான். நான் சொன்ன விலாசமும் சரி, நீங்க வந்த வழியும் சரி. எனக்குத்தான் இன்னும் எறங்கத் தோணல. ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன். வலது பக்கமே திரும்பித் திரும்பி வந்தா மறுபடி இங்கதான வந்து சேரும்? மீட்டர் ஓடட்டும், அதப்பத்தி நீங்க ஏன் கவலப்படறீங்க.

போதையா? ஐயோ, இல்லண்ணே. பாட்டில் இன்னும் தொறக்கவே இல்ல பாருங்க. வீட்டுக்காரனுக்குக் கொண்டு போறது. நல்ல ஒயின்தான், ஆமா, வழக்கமா இவ்வளவு ஒசத்தியா வாங்க மாட்டேன். ஆபீஸ்ல பதவி ஏறியிருக்கு. வர்ற திங்கக்கெழமைலேருந்து நான்தான் எங்க குழுவுக்குத் தலைவன். நன்றி, நன்றி. இல்ல, மூஞ்சி எப்பவுமே இப்படித்தான். நான் சிரிச்சாலே பல்வலிக்காரன் மாதிரி இருக்கும்னு பொண்டாட்டி சொல்லுவா.

உங்க வீட்லயும் இன்னிக்கு ஸ்லாவாவா? அதான பாத்தேன். வீட்டுக் காவல் புனிதர் நிக்கோலா நாளுன்னா நம்ம நிஷ் ஊர்ல பாதி வீடு விருந்து வைக்கும், மீதிப் பாதி சாப்பிடப் போகும். வண்டில ஏறும்போதே பொரிச்ச மீன் வாசன வந்துச்சு. கட்டிக் குடுத்துட்டாங்களா? குடுத்து வச்சவரு.

இந்த ஸ்லாவாவுல ஒரு கொடும என்னன்னா, யாரும் கூப்பிட மாட்டாங்க. கல்யாணம்னா பத்திரிக வரும், வந்து சேரலன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். இதுக்கு வருஷா வருஷம் நாமளாப் போய் நிக்கணும். நிக்கலன்னா உறவ அறுத்துட்டான்னு அர்த்தம். அதுவும் இது என் கும் வீடு. உங்களுக்குச் சொல்லணுமா? என் கல்யாணத்துல கோயில்ல எனக்குப் பக்கத்துல மெழுகுவத்தி புடிச்சுக்கிட்டு நின்னவன். எம் பொண்ணுக்கு ஞானஸ்நானம் பண்ணும்போது கையில வாங்கிப் பேரு வச்சவன். துன்யான்னு வச்சான். உங்க கும் யாரு? பட்டாளத்துல கூட இருந்தவரா? பாத்தீங்களா, சொல்லும்போதே உங்க குரல் மாறுது. கூடப் பொறந்தவன்கிட்டகூட சண்ட போடலாம், கும்கிட்ட முடியுமா?

அவனுக்கும் அவன் பொண்டாட்டி யாகொதாவுக்கும் கொழந்த இல்ல. எல்லாம் துன்யாதான். பள்ளிக்கூடத்துல அவ ஒரு கவித சொன்னா நான் போறனோ இல்லையோ, அவன் முதல் வரிசைல ஒக்காந்திருப்பான்.

வலதுலயே திரும்புங்க. ஆங், இப்படித்தான்.

என்ன வேலையா? கம்ப்யூட்டர் சிப்பு. வெளிநாட்டுக் கம்பெனி, ஆத்துக்கு அந்தாண்ட கண்ணாடிக் கட்டடம் இருக்குல்ல, அங்க. நகத்தளவு சிப்புக்குள்ள இப்பல்லாம் ஒரு மூள கெடையாதுண்ணே, கூட்டமா இருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு வேலையப் பாக்கும், பாத்துட்டு மத்ததுக்குச் சேதி சொல்லும். சேதி போக ரோடு வேணும்ல? சந்திப்பு வேணும், எது முன்னால போறது எது நிக்கறதுன்னு விதி வேணும். இந்த ஊரு மாதிரிதான், என்ன, அங்க ஹாரன் அடிக்க மாட்டாங்க. நாங்க அந்த ரோடு போடற ஆளுங்க. மூள செய்யறவங்க வேற, பேரு புகழெல்லாம் அவங்களுக்கு. ரோடு நல்லா இருந்தா யாராவது ரோடப் பத்திப் பேசறாங்களா? குழி விழுந்தாத்தான பேசுவாங்க.

தீஹோமிர்னு பேரு என் கும்முக்கு. ரோடு போடறது அவன். ஒடைக்கறது நான். சிரிக்காதீங்க, சம்பளமே அதுக்குத்தான். அவன் போட்டத கம்ப்யூட்டர்ல ஓட விட்டு, இந்த ரோட்ட வெட்டு, அந்தச் சந்திப்ப மூடு, சேதிய கன்னாபின்னான்னு அனுப்பு, எங்க மாட்டிக்கிதுன்னு பாருன்னு, நாள் பூரா அவனுக்கு எதிரியா ஒக்காந்திருக்கணும். இந்த வேலைக்கு நெசமான எதிரியத்தான் வைக்கணும். எங்க ஆபீஸ்ல பாத்து கும்ம வச்சாங்க.

இந்தா, மறுபடி வந்துட்டோம். பால்கனில யாரோ நிக்கிறாங்க, யாகொதாவா? நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க, போயிட்டே இருங்க. இன்னொரு சுத்து.

இருங்க, போன். என் வீட்டுக்காரி. ஆங் பிசெர்க்கா, வந்துட்டே இருக்கேன். பாலத்துல ஒரே நெரிசல். டாக்சிலதான். நீங்க ஒக்காருங்க, மீன் ஆறிடப் போகுது. என்ன, ரொட்டிய வெட்டலையா? எனக்காகவா? சரி, சரி, வர்றேன்.

பாத்தீங்களா, வாய் கூசல. பாலத்துல நெரிசல்னு எவ்வளவு சுளுவா வருது. அவளும் பொண்ணும் மத்தியானமே போயிட்டாங்க, எனக்கு ஆபீஸ்ல வேல இருக்குன்னேன், லீவு நாள்ல என்ன வேல. ரொட்டி வெட்டாம காத்துக்கிட்டு இருக்கானாம். நீங்களும் இன்னிக்குச் செய்வீங்கல்ல, வீட்டுக்காரரு ஒரு பக்கம் புடிக்க, எதிர்ல ஒருத்தர் ஒரு பக்கம் புடிக்க, சுத்தி, ஒயின் ஊத்தி, பிச்சு, முத்தம் குடுத்து. அவன் வீட்ல எதிர் பக்கம் புடிக்கறது எப்பவும் நான்தான். இன்னிக்கு அந்த ரொட்டிக்கு அந்தப் பக்கம் அவன் மூஞ்சி இருக்கும்ணே. அதத்தான் என்னால முடியல.

சண்டையா? சண்ட போட்டிருந்தா நல்லா இருக்குமே.

ஒரு தப்பு நடந்துபோச்சு, வேலையில. எப்படிச் சொல்றது. இந்தச் சந்திப்புல எடது திரும்பக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்கல்ல, எதுக்குன்னு நெனைக்கிறீங்க? போலீசுக்கு வருமானமா, ஹ, அதுவும் சரிதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, நாலு பக்கத்துலேருந்தும் எதிர்வண்டிக்குக் குறுக்க எடது திரும்பறேன்னு ஆளாளுக்கு மூக்க நீட்டினா, ஒருத்தன் வாலு அடுத்தவன் வழிய மறிக்கும். யாரும் அராஜகம் பண்ணல, ஆனா யாராலயும் நகர முடியாது. சிப்புக்குள்ளயும் அப்படித்தான். ஒரு சேதி எடத்தப் புடிச்சா, முன்னால எடம் காலியாகற வரைக்கும் விடாது. நாலு சேதி வட்டமா நின்னுச்சுன்னா கரண்ட்ட அணைக்கற வரைக்கும் அப்படியே நிக்க வேண்டியதுதான். அதனால ஒரு திருப்பத்தத் தடுத்துடுவோம். வட்டம் மூடாது. அவ்வளவுதான் வித்த.

ஆனா ரோடு பழுதாகுமே. சூட்டுல, நாள்பட. இது ரயிலுக்குப் போற சிப்பு, பிரேக்குக்குப் பக்கத்துல ஒக்காரும். ஒரு ரோடு போச்சுன்னா கைய விரிக்க முடியாது, சுத்துவழி காட்டணும். தீஹோமிர் சுத்துவழி போட்டான். அழகாத்தான் போட்டான். ஒரு ரோடு வெட்டினேன், சேதி போய்ச் சேந்துச்சு. வேற ரோட்ட வெட்டினேன், அப்பவும் போய்ச் சேந்துச்சு. ஓரத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ரோடு ஒரே நேரத்துல போச்சுன்னா மட்டும், அந்தச் சுத்துவழி தடுத்த திருப்பத்துலயே கொண்டு போய் விடுது. சிப்பு அடிச்சு வந்ததும் அடுப்பு மாதிரி ஒரு பெட்டில போட்டு வாட்டுவோம். போன வாரம் அதுல ஒண்ணு கல்லு மாதிரி நின்னுடுச்சு. இல்லண்ணே, யாருக்கும் ஒண்ணும் ஆகல, ரயில்ல இன்னும் ஏத்தல. ஆனா அடிச்சதெல்லாம் குப்பை. திரும்ப முதல்லேருந்து.

யாரு தப்பா? அவன் போட்ட வழி. அவன் தப்புதான. இப்படி ஒரு சந்தேகம் இருக்குன்னு அவனும் என்கிட்ட சொல்லல, அதனால நானும் பாக்கல. அப்படித்தான் ஆச்சு.

என்ன ஆச்சு, ஏன் இந்தப் பக்கம் திருப்பறீங்க? ஓ, குழாய் வெடிச்சு தோண்டிட்டாங்களா? இப்பத்தான வந்தோம், அப்ப நல்லாத்தான இருந்துச்சு. மாத்து வழின்னு அம்புக்குறி வச்சிருக்கான். அண்ணே, அந்த அம்பு எங்க காட்டுது பாருங்க. எடது பக்கம். எந்த எடத்துல எடது திரும்பக் கூடாதுன்னு போர்டு இருக்கோ, அங்கயே கொண்டு போய் விடறான். கடவுளே. இதேதான்ணே, அந்தச் சிப்புக்குள்ள இதேதான். நான் சொல்றது உங்களுக்குப் புரியலன்னா இப்பப் புரிஞ்சிடும்.

மாட்டிக்கிட்டோமா? பின்னாலயும் பஸ்ஸா? அந்தப் பக்கம் ரொட்டி வண்டி, இந்தப் பக்கம் சிவப்புக் காரு, எதிர்ல கல்யாண வண்டி மாதிரி ஒண்ணு. ஹாரன் அடிச்சு என்ன பிரயோசனம், எவன் எங்க போவான். இதுல வேடிக்க என்னன்னா, சரியா அவன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறோம்.

எறங்கி நடந்துடலாம்னு சொல்றீங்க. எனக்கும் தெரியுது, பத்தடி கூட இல்ல.

அண்ணே, நான் சொன்னது பொய். அவன் சொன்னான். ஜூலைல, அதே பால்கனில, பீப்பா இப்ப இருக்கற எடத்துல ரெண்டு பேரும் காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தோம். கும், ஓரத்துல ரெண்டு ரோடு ஒண்ணாப் போனா என்ன ஆகும்னு எனக்கே கொஞ்சம் ஒதைக்குது, அத மட்டும் நல்லா அடிச்சுப் பாருன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உன் வேலையப் போய் நான் சந்தேகப்படறதான்னேன். பெருந்தன்மையா. தோள்ல தட்டிக் குடுத்தேன் வேற. சந்தேகப்படு, அதுக்குத்தான் உன்ன வச்சிருக்கேன்னு சிரிச்சான்.

மரியாதைக்காகப் பாக்காம விட்டேன்னு நீங்க நெனைச்சா அதுவும் பொய்தான். ஏன் மறைக்கணும், நீங்க யாரோ, நான் யாரோ. கிரீஸ் கடலுக்குப் போக ரூம் போட்டிருந்துச்சு. வண்டில தக்காளிக் கூடையெல்லாம் ஏத்தியாச்சு, துன்யா மிதவை வளையத்த இடுப்புலயே மாட்டிக்கிட்டு நிக்கிறா. அந்தச் சோதனைய ஓட்டணும்னா ஒரு வாரம் கூட ஒக்காரணும். ஓட்டாமலே, ஓட்டியாச்சு, சரியா இருக்குன்னு பதிஞ்சுட்டுக் கெளம்பிட்டேன். தீஹோமிர் நம்பிட்டான். கும் ஓட்டியாச்சுன்னு சொன்னா ஓட்டியாச்சு, அவன் போய் திரும்பிப் பாப்பானா? நீங்க உங்க கும் எண்ணித் தந்தத எண்ணிப் பாப்பீங்களா?

தூ. வெக்கமா இருக்குண்ணே. அந்தக் கடல்ல மல்லாந்து மெதந்தேன், வெயில் நல்லா அடிச்சுதுன்னு வந்து சொன்னேன் அவன்கிட்ட.

அந்தா பாருங்க. வாசல்ல. வெள்ளச் சட்ட, கால்ல வீட்டுச் செருப்பு. அவன்தான். ஆமா, அவனேதான், தலைய குனிஞ்சுக்கறேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. என்ன பண்றான்? ரொட்டி வண்டிக்காரன்கிட்டயா? பின்னால போகச் சொல்றானா? அடப்பாவி. ஸ்லாவா நாள்ல விருந்தாளியெல்லாம் மேல ஒக்கார வச்சுட்டு, கீழ வந்து போக்குவரத்துப் பாக்கறான். இவனால சும்மா இருக்கவே முடியாதுண்ணே, எங்க எது மாட்டிக்கிட்டாலும் எடுத்து விட்டுத்தான் ஆகணும். கத்தறான் பாருங்க அந்தச் சிவப்புக் காரு ஓட்டறவகிட்ட. தாயி, நீ எடம் குடுக்கலன்னா எங்க வீட்டு மீன் முள்ளு உன் தொண்டைல சிக்கும்னு சொல்லியிருப்பான். சிரிக்கிறாளா? சிரிப்பா. அவன்கிட்ட எல்லாரும் சிரிச்சுடுவாங்க.

இவங்க எல்லாம் வெலகி நம்மகிட்ட வர்றதுக்குள்ள சொல்லிடறேன். உங்ககிட்டயாவது சொல்லிடறேன்.

முந்தாநேத்து ம்யூனிக் தலைமை ஆபீஸ்லேருந்து பெரிய மேனேஜரம்மா வந்து கூப்பிட்டாங்க. தனித்தனியாத்தான் கேட்டாங்க. காலைல அவன, மத்தியானம் என்னை. ஓட்டாத சோதனைய ஓட்டியாச்சுன்னு பதிஞ்சது எப்படி, அவங்களுக்கு அது மட்டும்தான் தெரியணும். ரோடு தப்பாப் போடறது தப்பே இல்லண்ணே, எல்லாரும்தான் போடறோம். ஓட்டாம ஓட்டினேன்னு சொன்னா இந்தத் தொழில்ல யாரும் வாசப்படி ஏத்த மாட்டான்.  வீடு, பொண்ணு, ஊரு, எல்லாம் கண்ணு முன்னால வந்து நிக்குது. வாயத் தொறந்தேன். தீஹோமிர்தான் என்கிட்ட சொன்னாரு, அத நானே பாத்துட்டேன், நீ ஓட்ட வேணாம், ஓட்டியாச்சுன்னு போட்டுடுன்னு; அவரு மேலதிகாரி, நான் என்ன பண்றதுன்னேன்.

ஆமாண்ணே. சொன்னேன். அப்படியே நெஞ்சறிஞ்சு.

அதவிடக் கேவலம் என்ன தெரியுமா? அந்த அம்மா அதிர்ச்சி ஆவாங்க, அவனத் திரும்பக் கூப்பிட்டுக் கேப்பாங்க, ரெண்டு பேரையும் எதிரெதிர்ல ஒக்கார வப்பாங்கன்னு எதிர்பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அவங்க பேனாவ மூடி வச்சுட்டு, சரி, காலைல அவரும் இதையேதான் சொன்னாருன்னாங்க.

இதையேதான். வார்த்தைக்கு வார்த்தை.

என்னைக் காப்பாத்த அவன் ஒரு பொய் சொன்னான், நானும் என்னைக் காப்பாத்திக்க ஒரு பொய் சொன்னேன், ரெண்டும் ஒட்டிப் போச்சு. அன்னிக்கே அவன வேலைலேருந்து எடுத்துட்டாங்க. இந்த ஒயின் இருக்கே, அவன் நாற்காலிக்கு வாங்கினது. மேல பிசெர்க்கா எல்லார்கிட்டயும் என் பதவியப் பத்திப் பெருமை அடிச்சிருப்பா, யாரு எடம்னு அவளுக்கு நான் சொல்லல.

அவனுக்கா? அவன் சொன்னது தெரியறதுக்கு முன்னாடியே நான் அவன மாட்டி விட்டேன்னு அவனுக்குத் தெரியாதுண்ணே. அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணினான். கும், நீ பாட்டுக்கு வீரனாட்டம் என் தப்புதான்னு ஒப்புத்துக்கிட்டியோன்னு பயந்துட்டே இருந்தேன், அங்க நீ என்னதான் சொன்னன்னு கேட்டான். நீ சொன்னதையேதான் கும் சொன்னேன்னு சொன்னேன். அப்படியே ஒரு மூச்சு விட்டான் பாருங்க, நிம்மதியா. நல்ல வேள, உனக்குப் புத்தி இருக்கு, தலைவர் பதவிக்கு உம் பேரத்தான் சொல்லியிருக்கேன், துன்யாவ நல்லாப் படிக்க வையின்னான். அப்புறம், நாளன்னிக்கு சீக்கிரம் வா, யாகொதா நாலு கெண்ட மீன் வாங்கியிருக்கான்னான்.

அழல, கண்ணுல தூசி.

ரொட்டி வண்டி நகருதா? சிவப்புக் காரும் பின்னால போகுதா? போகும். யாராவது ஒருத்தன் தன் எடத்த விட்டுட்டுப் பின்னால போனாத்தான் மத்தவன் நகர முடியும், வேற வழியே கெடையாது. நாங்க அதுக்கு எவ்வளவோ கணக்குப் போட்டோம்.

நம்ம பக்கம் வர்றானா? என்னப் பாத்துட்டானா? பாத்துட்டான். சிரிக்கிறான். அண்ணே, கண்ணாடிய எறக்காதீங்க, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்… சரி, எறக்குங்க.

கும்! ஸ்லாவா வாழ்த்துகள்! என்னடா இது, குளுர்ல கோட்டுகூட போடாம? இல்ல இல்ல, ரொம்ப நேரமெல்லாம் இல்ல, இப்பத்தான் வந்தேன். பாலத்துல ஒரே நெரிசல். வேணும்னா இந்த அண்ணனக் கேளு.